கலகத்தில் சேர்ந்த வக்கீல் மறுபடி கோர்ட்டுக்கு வரலாமா? கார்லண்ட் வழக்கு, 1867

பொருநைக்கரையான் எழுதியது:

அமெரிக்க அதிபர் யாருக்காவது மன்னிப்பு வழங்கினால் உடனே ‘எக்ஸ் பார்ட்டே கார்லண்ட்’ என்ற பழைய வழக்கின் பெயர் அடிபட ஆரம்பித்துவிடும். விசாரணை தொடங்கும் முன்பே ஒருவரை மன்னிக்கலாம் என்பதற்கு இன்றும் ஆதாரமாகக் காட்டுவது இதைத்தான். ஆனால் வழக்கின் அடிப்படைக் கேள்வி அதிபரைப் பற்றியதே அல்ல. ஒரு வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை என்பதால் இந்த இழை.

அகஸ்டஸ் ஹில் கார்லண்ட் ஆர்கன்சா மாநிலத்து வக்கீல். 1860 டிசம்பரில், 28 வயதில், வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் பதிவு பெற்றார். அடுத்த மே மாதமே ஆர்கன்சா ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோனது. கார்லண்ட் முதலில் பிரிவினையை எதிர்த்தவர். பிறகு மாநிலத்தோடு சேர்ந்து அவரும் போனார். சும்மா போகவில்லை, தென்மாநிலக் கூட்டமைப்பின் காங்கிரஸில் கீழவை, மேலவை இரண்டிலும் உட்கார்ந்தார். உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865 ஜூலையில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அவருக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், இனி அடிமைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

சரி, திரும்ப வக்கீல் தொழிலுக்குப் போகலாம் என்று பார்த்தால் வழியில் ஒரு சட்டம் நின்றது. 1862இல் அரசுப் பதவிக்கு வருபவர்களுக்காக ஒரு சத்தியப்பிரமாணம் கொண்டுவந்திருந்தார்கள். 1865 ஜனவரி 24இல் அதையே மத்திய நீதிமன்ற வக்கீல்களுக்கும் நீட்டினார்கள். ‘இனி விசுவாசமாக இருப்பேன்’ என்பதோடு அது நிற்கவில்லை. ‘இதுவரை நான் மனமுவந்து அமெரிக்காவுக்கு எதிராக ஆயுதம் எடுத்ததில்லை, எடுத்தவர்களுக்கு உதவியோ ஆலோசனையோ ஊக்கமோ தந்ததில்லை, எதிரி அரசில் பதவியைத் தேடியதோ ஏற்றதோ இல்லை’ என்றும் சத்தியம் செய்ய வேண்டும். கார்லண்டால் இதை எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் பொய்ச்சத்தியம், அதற்குத் தனியாகச் சிறை.

பிரமாணம் எடுக்காமலே வாதாட அனுமதி கேட்டு மனுப் போட்டார். அந்தச் சட்டமே செல்லாது என்பது முதல் வாதம். செல்லும் என்றாலும் அதிபரின் மன்னிப்பு என்னை விடுவித்துவிட்டது என்பது இரண்டாவது. 1867 ஜனவரி 14இல் தீர்ப்பு வந்தது. 5க்கு 4 என்ற கணக்கில் கார்லண்ட் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை ஸ்டீபன் ஃபீல்ட் எழுதினார். இரண்டு வாதங்களையுமே ஏற்றார்.

நீங்கள் அந்த பெஞ்சில் இருந்தால் எந்தப் பக்கம்?

---

சந்தேக சாமி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடிமை முறையைக் காப்பாற்ற நாட்டையே இரண்டாக உடைத்த கூட்டத்தின் சபையில் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தவர். தோற்ற பிறகு ‘என் தொழில் போச்சே’ என்று வந்து நிற்கிறார். ஜெயித்தவன் ஒரு சத்தியம் கேட்டால் தப்பா? நான் அந்த 4 பேர் பக்கம்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

சாமி, நீங்கள் கோபத்தில் சொன்னதை சாமுவேல் மில்லர் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார். மாறுபட்ட தீர்ப்பு அவருடையதுதான். ஐயோவாவிலிருந்து வந்தவர், வக்கீலாவதற்கு முன் டாக்டராக இருந்தவர். அவர் கேட்பது எளிமையான கேள்வி: வக்கீலாக இந்த வயது ஆகியிருக்க வேண்டும், இந்தப் பரீட்சை தேறியிருக்க வேண்டும் என்றால் அது தண்டனையா, தகுதியா? தகுதிதானே? அதேபோல நாட்டுக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும் என்பதும் தகுதிதான். நீதிமன்றங்களை உண்டாக்கியது சட்டமன்றம், அங்கே யார் நின்று பேசலாம் என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு என்கிறார்.

தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு உண்டு. வக்கீல் என்பவன் கடை வைத்திருப்பவனைப் போல இல்லை. நாங்கள் சொல்வதை நம்பித்தான் நீதிபதி தேதி கொடுக்கிறார், தடையுத்தரவு கொடுக்கிறார். கட்சிக்காரனின் சொத்துப் பத்திரம் எங்கள் பீரோவில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு வருகிறவன் அரசியல் சாசனத்தின் பேரில் ஒருமுறை சத்தியம் செய்துவிட்டு, ஒரு வருடம்கூட ஆகாமல் அதைக் காற்றில் விட்டிருக்கிறான் என்றால், ‘உன் பழைய நடத்தை எங்களுக்கு வேண்டாம்’ என்று நீதிமன்றம் சொல்ல முடியாது. அதுவேதான் நீதிமன்றத்துக்கு வேண்டும்.

---

மலர்விழி எழுதியது:

ஐயா, ஃபீல்ட் அந்த ‘தகுதி’ வாதத்தைத் தட்டிவிட்டுப் போகவில்லை, நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். தொழிலுக்கு வேண்டிய தகுதியைச் சட்டமன்றம் நிர்ணயிக்கலாம், மறுப்பில்லை. ஆனால் தகுதி என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய செயலுக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. கடந்த கால நடத்தைக்காக ஒருவரை அவருடைய தொழிலிலிருந்து வெளியே நிறுத்துவதைத் தண்டனை என்றல்லாமல் வேறு எப்படியும் பார்க்க முடியாது என்கிறார். தண்டனை என்று ஆகிவிட்டால் அமெரிக்க அரசியல் சாசனத்தில் இரண்டு இடத்தில் முட்டும். விசாரணையே இல்லாமல் சட்டமன்றம் தானே தண்டிக்கக் கூடாது. செயல் நடந்தபோது இல்லாத தண்டனையைப் பிறகு சட்டம் போட்டுப் பின்னோக்கிச் சேர்க்கவும் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறார். வக்கீல்கள் அரசின் அதிகாரிகள் அல்ல, நீதிமன்றத்தின் அதிகாரிகள். சேர்ப்பதும் நீக்குவதும் நீதிமன்றத்தின் வேலை. ஒருமுறை சேர்த்துக்கொண்டபின் அந்த உரிமை யாரோ மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. நடத்தை கெட்டால், அதுவும் அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே, அதை நீதிமன்றம் பறிக்கலாம்.

அன்றே வந்த இன்னொரு தீர்ப்பையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இந்தச் சத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பது புரியாது. மிசூரி மாநிலம் 1865இல் புது அரசியல் சாசனம் எழுதியது. வக்கீல், ஆசிரியர், பாதிரியார் எல்லாரும் சத்தியம் செய்யாமல் தொழில் பார்க்கக் கூடாது என்றது. அங்கே ‘ஆயுதம் எடுத்தாயா’ என்பதோடு விடவில்லை, கலகக்காரர்களிடம் அனுதாபம் காட்டியிருந்தால்கூடக் குற்றம். ஜான் கம்மிங்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் சத்தியம் செய்யாமல் பிரசங்கம் செய்தார். 500 டாலர் அபராதம், கட்டும் வரை சிறை. உச்ச நீதிமன்றம் அதையும் 5க்கு 4இல் ரத்து செய்தது, அதையும் எழுதியது ஃபீல்ட்தான். மில்லரின் தர்க்கத்தை இந்தப் பாதிரியாருக்கும் நீட்டிப் பாருங்கள். பூசை வைக்கக்கூட ‘தகுதி’ கேட்கலாம் என்றுதானே முடியும்?

(கம்மிங்ஸுக்காக வாதாடியவர்களில் ஒருவர் டேவிட் டட்லி ஃபீல்ட். தீர்ப்பு எழுதிய ஃபீல்டின் சொந்த அண்ணன். அண்ணன் வாதாட, தம்பி தீர்ப்பெழுத... இன்றைக்கு இது நடந்தால் சமூக வலைத்தளங்கள் பற்றி எரியும்.)

---

டெக்சாஸ் மாமா எழுதியது:

நான் இருப்பது டல்லஸ் பக்கத்தில். பக்கத்து ஊர் பெயரே கார்லண்ட்! தமிழ்க் கடைக்குப் போகும் வழியில் அந்தப் பலகையை எத்தனையோ முறை பார்த்தும், யார் பேர் என்று ரொம்ப நாள் கேட்டதில்லை. இந்த ஆள் பேர்தான். 1880களில் டக் க்ரீக், எம்ப்ரீ என்று இரண்டு சிற்றூர்கள் தபால் ஆபீஸ் யாருக்கு என்று சண்டை போட்டன. சமாதானமாக நடுவில் ஒரு தபால் ஆபீஸ் வைத்து, அப்போது மத்திய அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் பெயரைச் சூட்டினார்கள். ஆமாம், கோர்ட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் 1874இல் ஆர்கன்சா கவர்னர், 1877இல் செனட்டர், 1885இல் அதிபர் க்ளீவ்லண்டின் அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரல். நாட்டின் தலைமை வக்கீல்! 1899 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தார்.

அந்த பெஞ்சின் கணக்கும் சுவாரசியம். 9 நீதிபதிகளில் 5 பேர் லிங்கன் நியமித்தவர்கள்: சேஸ், மில்லர், ஸ்வெய்ன், டேவிஸ், ஃபீல்ட். முதல் நால்வரும் கார்லண்டுக்கு எதிர். ஐந்தாமவரான ஃபீல்ட் மட்டும் பழைய நீதிபதிகள் நால்வரோடு சேர்ந்தார். அந்த ஒரு ஓட்டுதான் கார்லண்டின் வாழ்க்கை.

அப்புறம், 1865 ஜனவரி 24இல் வக்கீல் சட்டம் வந்ததே, அதற்குச் சரியாக எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 1இல், அதே நீதிமன்றத்தில் ஜான் ராக் என்பவர் பதிவு பெற்றார். உச்ச நீதிமன்ற பாரில், அதாவது வக்கீல்கள் பட்டியலில், சேர்ந்த முதல் கறுப்பினத்தவர். பல் மருத்துவம், பொது மருத்துவம் எல்லாம் பார்த்துவிட்டு வக்கீலானவர். செனட்டர் சார்ல்ஸ் சம்னர் எழுந்து முன்மொழிய, தலைமை நீதிபதி சேஸ் தலையசைத்தார். முந்தின நாள்தான் அடிமை ஒழிப்புத் திருத்தம் கீழவையில் நிறைவேறியிருந்தது. அதே நீதிமன்றத்தில், சேஸுக்கு முன்பு தலைமை நீதிபதியாக இருந்த டேனி, கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று 1857இல் தீர்ப்பளித்தவர். சாமி கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராக் உள்ளே வந்த அந்த வாரத்தில், கார்லண்ட் மாதிரி ஆட்கள் வெளியே நிற்கட்டும் என்று நினைத்தவர்களை வெறும் பழிவாங்கிகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

வல்லிபுரத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. சத்தியம் என்டதும் எங்களுக்கு 1983தான் ஞாபகம் வருது. இலங்கை அரசியலமைப்பின் 6ஆவது திருத்தம். தனிநாட்டை நேராகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்குள்ளேயோ வெளியேயோ ஆதரிக்க மாட்டேன், நிதி கொடுக்க மாட்டேன், ஊக்குவிக்க மாட்டேன் எண்டு நாடாளுமன்ற உறுப்பினரும் அரசாங்க உத்தியோகத்தரும் சத்தியம் செய்யவேணும். சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் தங்கட இடங்களை இழந்தார்கள். ஃபீல்டின் தீர்ப்பு அங்கே இருந்திருந்தால் அவர்களுக்கு உதவியிருக்குமா?

---

பொருநைக்கரையான் எழுதியது:

வல்லிபுரத்தான் அண்ணா, எனக்குத் தெரிந்தவரை உதவியிருக்காது. ஃபீல்டின் கட்டடமே ‘கடந்த காலம்’ என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. ‘இனி செய்ய மாட்டேன்’ என்று கேட்கும் சத்தியத்தை அவர் தொடவே இல்லை. கார்லண்டும் அப்படிப்பட்ட பிரமாணத்தை எடுத்துத்தான் மன்னிப்பு பெற்றார். ‘ஏற்கெனவே செய்ததில்லை’ என்று கேட்பதுதான் சிக்கல், ஏனென்றால் அங்கே மனிதனுக்குத் திருந்த வழியே கிடையாது. நேற்றைய நாளை இன்றைக்குப் போய் மாற்ற முடியாதல்லவா? 6ஆவது திருத்தத்தில் இருக்கும் பிரச்சினை வேறு: அமைதியாக ஒரு கருத்தைச் சொல்வதைக்கூட அது தடுக்கிறது. அது பேச்சுரிமைக் கேள்வி. அதற்கு ஃபீல்டிடம் பதில் இல்லை.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

திருத்தம் என்றதும் ஒன்று சொல்லணும். அமெரிக்காவிலேயே இந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் எழுதினார்கள். 1868இல் நிறைவேறிய 14ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு. அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று அதிகாரியாகச் சத்தியம் செய்துவிட்டுக் கலகத்தில் சேர்ந்தவர் பதவிக்கு வரக் கூடாது. காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் விலக்கலாம். 1872இல் பெரும்பாலோருக்கு விலக்கியும் விட்டார்கள். அதுவும் பழைய செயலுக்கான தடைதான். ஆனால் சாசனத்திலேயே எழுதிவிட்டதால் அதை ஃபீல்ட் தொட முடியாது. ஆக, நாடு மொத்தமாக மில்லர் பக்கம் சாய்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம ஊருக்கு வருவோம். வ.உ.சி. தூத்துக்குடியில் பெரிய வக்கீல். 1908இல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை, 1912 டிசம்பரில் விடுதலை. வெளியே வந்தால் சன்னது (வக்கீல் தொழில் உரிமம்) இல்லை, ரத்து. கப்பல் கம்பெனி நடத்தியவர் சென்னையில் பிழைப்புக்கு அல்லாடினார். பல வருடம் கழித்து வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவில்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார்.

கார்லண்டையும் வ.உ.சி.யையும் ஒரே தட்டில் வைக்கவே மாட்டேன். ஒருவர் அடிமை முறையைக் காத்த அரசில் உறுப்பினர், மற்றவர் அடிமைப்பட்ட நாட்டின் போராளி. ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவருக்கும் நடந்தது ஒன்றுதான்: அரசுக்கு எதிரான செயலுக்காகத் தொழில் போனது. ஒருவருக்கு அதிபரின் மன்னிப்பு இருந்தது, 5 நீதிபதிகள் இருந்தார்கள். மற்றவர் சிறைத் தண்டனை அனுபவித்து, செக்கிழுத்து, அதற்குமேலும் காத்திருந்தார்.

இப்போது வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 24ஏ இருக்கிறது. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவர் பதிவு செய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி 2 வருடம் ஆனால் அந்தத் தடை விலகிவிடும். காலக்கெடு வைத்த தடை. இது ஃபீல்டுக்கும் மில்லருக்கும் நடுவில் ஒரு இடம். வேலைக்கு ஆகிற இடம்.

---

சந்தேக சாமி எழுதியது:

வ.உ.சி.யைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள் ஐயா, அது நியாயமில்லை. சரி, மன்னிப்பு விஷயத்துக்கு வாருங்கள். மன்னிப்பு கிடைத்தால் குற்றமே நடக்காத மாதிரியா?

---

மலர்விழி எழுதியது:

ஃபீல்ட் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார். முழு மன்னிப்பு தண்டனையை மட்டுமல்ல, குற்றத்தையே துடைத்துவிடுகிறது, சட்டத்தின் பார்வையில் அவர் குற்றமே செய்யாதவர்போல ஆகிவிடுகிறார், புது மனிதர் என்றே எழுதினார். தீர்ப்பிலேயே மிகைப்படுத்திய இடம் இதுதான் என்பது என் எண்ணம். பின்னால் வந்த நீதிமன்றங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1915இல் பர்டிக் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மன்னிப்பில் குற்றத்தின் சாயல் இருக்கிறது, அதை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று எழுதியது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

நம் உச்ச நீதிமன்றம் 1961இல் சரத் சந்திர ராபா வழக்கில் மன்னிப்பு வேறு, தண்டனைக் குறைப்பு வேறு என்று பிரித்துக் காட்டியது. தண்டனையைக் குறைத்தால் சிறையில் இருக்கும் காலம்தான் குறையும், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும்.

உண்மையில் கார்லண்டுக்கு மன்னிப்பு வாதம் தேவையே இல்லை. சட்டமே செல்லாது என்ற பிறகு எதற்கு மன்னிப்பு? ஆனால் 150 வருடம் கழித்து எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தக் கூடுதல் பத்தியைத்தான்.

---

பொருநைக்கரையான் எழுதியது:

நான் இந்த இழையைத் தொடங்கியதற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். கார்லண்ட் தீர்ப்புக்கு 6 வருடம் கழித்து, 1873 ஏப்ரல் 15இல், இதே உச்ச நீதிமன்றம் இன்னொரு வக்கீல் சேர்க்கை வழக்கில் தீர்ப்பு சொன்னது. மைரா பிராட்வெல், சிகாகோ. 1868இல் ‘சிகாகோ லீகல் நியூஸ்’ என்ற சட்டப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். அந்த வட்டாரத்து வக்கீல்களும் நீதிபதிகளும் தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டது அதில்தான். 1869இல் வக்கீல் பரீட்சை தேறினார். இலினாய் உச்ச நீதிமன்றம் சேர்க்க மறுத்தது. முதலில் சொன்ன காரணம், கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதற்கு அவர் பதில் கொடுத்ததும், பெண் என்பதே காரணம் என்றார்கள்.

வாஷிங்டனுக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் மேத்யூ கார்ப்பென்டர். இந்தப் பெயரைக் கவனியுங்கள். கார்லண்டுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவரும் இவர்தான்! தொழில்கள் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கின்றன என்று கம்மிங்ஸ் வழக்கில் ஃபீல்ட் எழுதிய வரிகளை எடுத்து, அதே நீதிமன்றத்தின் முன் வாசித்தார். இலினாய் மாநிலம் ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை. எதிர்ப்பக்கம் நாற்காலி காலி.

8க்கு 1இல் மைரா தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பு மில்லர் எழுதியது: வக்கீலாவது அமெரிக்கக் குடிமகனுக்கான உரிமையல்ல, மாநிலத்தின் விஷயம். அதோடு விட்டிருக்கலாம். நீதிபதி பிராட்லி தனியாக ஒரு கருத்து எழுதினார். மனைவியாக, தாயாக இருப்பதுதான் பெண்ணின் தலையாய கடமை, அது படைத்தவனின் சட்டம் என்றார். அதில் கையெழுத்துச் சேர்த்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? ஸ்டீபன் ஃபீல்ட்.

தொழில் செய்யும் உரிமை யாரும் போடும் பிச்சையல்ல என்று எழுதிய அதே ஃபீல்ட். நாட்டுக்கு எதிரான அரசில் 4 வருடம் உட்கார்ந்தவரை உள்ளே விடச் சாசனத்தில் இரண்டு விதிகளைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு, பரீட்சை தேறி, யாருக்கும் தீங்கு செய்யாமல் வந்து நின்ற பெண்ணுக்கு ஒரு விதிகூடக் கிடைக்கவில்லை. இன்னும் கேளுங்கள். முதல் நாள், ஏப்ரல் 14இல், நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்காரர்கள் வழக்கில், மனிதன் தனக்குப் பிடித்த தொழிலைச் செய்யும் உரிமையைப் பற்றி ஃபீல்டும் பிராட்லியும் பக்கம் பக்கமாக மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தார்கள். மாடு வெட்டுபவருக்கு உள்ள உரிமை மறுநாள் மைராவுக்கு இல்லை.

மைரா பக்கம் நின்ற அந்த ஒருவர் சேஸ். கார்லண்டை உள்ளே விடக் கூடாது என்ற நால்வரில் ஒருவர், ஜான் ராக்கைச் சேர்த்துக்கொண்டவர்.

என் கட்சி இதுதான்: கார்லண்ட் தீர்ப்பு கொள்கையால் வந்ததல்ல. எதிரே நின்றவர் தங்களைப் போன்ற ஒருவர் என்பதால் அந்த ஐவருக்கும் கொள்கை சுலபமாகக் கண்ணில் பட்டது.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, வேகம் நல்லாயிருக்கு. ஆனால் சட்டப்படி இரண்டும் ஒரே கேள்வியல்ல. கார்லண்ட் ஏற்கெனவே பதிவு பெற்றவர், இருந்ததைப் பறித்தார்கள். மைரா புதிதாகச் சேர வந்தவர். கார்லண்டைத் தடுத்தது மத்தியச் சட்டம், பின்னோக்கித் தண்டிக்காதே என்ற தடை அதற்கு நேராகப் பொருந்தும். மைராவைத் தடுத்தது மாநில நீதிமன்றம். புதிதாக வந்த 14ஆவது திருத்தத்தைத்தான் அவர் நம்பியிருந்தார். ஃபீல்ட் தன்னையே மறுத்தார் என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

பார்க்கப்போனால் மில்லர்தான் நேர்க்கோட்டில் நடந்தவர். வக்கீல் சேர்க்கை உரிமையல்ல, அரசு வகுக்கும் தகுதிக்கு உட்பட்டது என்று 1867இலும் சொன்னார், 1873இலும் சொன்னார். ஒன்றில் தோற்றார், மற்றதில் ஜெயித்தார். எனக்கு அவர் 1873இல் எழுதியது பிடிக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து மாற்றவில்லை.

---

மலர்விழி எழுதியது:

மில்லரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி ஐயா. ஆனால் பிராட்லியின் கருத்தில் ஃபீல்ட் சேர்ந்ததற்கு உங்கள் வாதம் விடை சொல்லவில்லையே? ‘இது மாநில விஷயம்’ என்று ஃபீல்டும் மில்லர் பின்னால் ஒதுங்கியிருக்கலாம் என்பீர்கள். ஆனால் ஃபீல்டால் ஒதுங்க முடியாது, ஏனென்றால் முதல் நாள், கசாப்புக்காரர்கள் வழக்கில்தான், அந்த வாதத்தைக் கடுமையாக எதிர்த்திருந்தார். அதனால்தான் படைத்தவன் சட்டம் தேவைப்பட்டது. பெண் என்றால் ‘தொழில் உரிமை’ என்ற பேச்சே எழாது என்று சொன்னால்தான் இரண்டு நாளும் ஒத்துப்போகும்.

---

சந்தேக சாமி எழுதியது:

சேஸ் என்ன காரணம் சொன்னார்? அவர் எழுதியது கிடைக்குமா?

---

டெக்சாஸ் மாமா எழுதியது:

ஒன்றும் எழுதவில்லை. தலைமை நீதிபதி மாறுபடுகிறார் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அப்போதே உடம்பு முடியாமல் இருந்தார், 1873 மே 7இல் போய்விட்டார்.

மைரா கதையையும் முடித்துவிடுகிறேன். தீர்ப்பு வரும் முன்பே, 1872இல், இலினாய் சட்டமன்றம் பெண் என்பதற்காக யாரையும் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அதன்படி 1873இல் ஆல்டா ஹியூலெட் என்ற 19 வயதுப் பெண் அங்கே முதல் பெண் வக்கீலானார். மைரா மறுபடி விண்ணப்பிக்கவில்லை, பத்திரிகையிலேயே இருந்தார். 1890இல் இலினாய் உச்ச நீதிமன்றம் தானாகவே, 1869லிருந்து செல்லும்படி, அவரைச் சேர்த்தது. 1892இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றமும் சேர்த்தது. 1894இல் இறந்தார். இடையில், 1879இல், பெல்வா லாக்வுட் காங்கிரஸில் சட்டமே போடவைத்து, உச்ச நீதிமன்ற பாரில் முதல் பெண்ணாக நுழைந்திருந்தார்.

கருப்புக்கோட்டு ஐயா கவனிக்க: இரண்டு இடத்திலும் பெண்களுக்கு வழி விட்டது சட்டமன்றம், நீதிமன்றம் அல்ல. மில்லர் காட்டிய வாசல்!

---

கருப்புக்கோட்டு எழுதியது:

கவனித்தேன், சந்தோஷம்.

ஃபீல்டுக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். அவருடைய தீர்ப்பு பின்னால் அவர் நினைத்துப் பார்க்காத ஆட்களைக் காப்பாற்றியது. 1943இல் அரசியல் சந்தேகத்தின் பேரில் 3 அரசு ஊழியர்களின் சம்பளத்தைக் காங்கிரஸ் பெயர் குறிப்பிட்டு நிறுத்தியது. 1946இல் லவெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கார்லண்டையும் கம்மிங்ஸையும் எடுத்துவைத்து அதை ரத்து செய்தது. 1957இல் ஸ்வேர் வழக்கு. ருடால்ஃப் ஸ்வேர் 1930களில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், மாற்றுப் பெயர்களில் திரிந்தவர், சிலமுறை கைதானவர். நியூ மெக்சிகோ பார் அவரைப் பரீட்சை எழுதவே விடவில்லை. தொழில் செய்யும் தகுதியோடு தொடர்பு இருந்தால்தான் ஒருவரை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்தது.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது விசாரணை நடந்த விதம். ஸ்வேரின் மனைவி வந்து சாட்சி சொன்னார், அவருடைய யூதக் கோயில் குரு வந்தார், உள்ளூர் வக்கீல் வந்தார். 15 வருடத்துக்கு முந்தின ஆளும் இப்போதிருக்கும் ஆளும் ஒருவரா என்று கேட்டு, பதிலை எடைபோட்டார்கள். கார்லண்டிடம் இதை யாருமே செய்யவில்லை. 1865 சட்டம் அவரைக் கேட்காமலே வெளியே நிறுத்தியது, 1867 தீர்ப்பு கேட்காமலே உள்ளே விட்டது.

---

சந்தேக சாமி எழுதியது:

கேட்டிருந்தால் தேறியிருப்பாரா?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

ஆர்கன்சா வக்கீல்கள் வரிசையில் நின்று நற்சாட்சி சொல்லியிருப்பார்கள். ஆர்கன்சாவில் அடிமையாக இருந்தவர்களில் ஒருவரையாவது சாட்சிக்கு அழைத்திருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம். 1867இல் அதற்கு நான் பணம் கட்ட மாட்டேன்.